எச்சிலில் தொடங்கிய வேதியியல்

1557-ஆம் ஆண்டு. இன்று ரியோ டி ஜெனீரோ நகரம் நிற்கும் குவானபாரா விரிகுடாவில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சிறிய குடியேற்றம் அமைத்திருந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் ழான் தெ லேரி என்ற இளைஞரும் ஒருவர். அந்தக் கரையோரத்தில் வாழ்ந்த துப்பினம்பா மக்களோடு அவர் நெருங்கிப் பழகினார். கண்டதையும் கேட்டதையும் பின்னாளில் நூலாக எழுதி 1578-இல் வெளியிட்டார்.

‘கவுயிம்’ என்ற மதுவின் செய்முறை அந்த நூலில் வருகிறது. பெண்கள் மரவள்ளிக்கிழங்கைச் சீவி வேகவைப்பார்கள். வெந்த துண்டுகளை வாயிலிட்டு மெல்வார்கள். விழுங்காமல் வேறொரு பானையில் உமிழ்வார்கள். அதை மறுபடி அடுப்பிலேற்றிக் கிளறிக் கொதிக்கவைத்து, பெரிய மண் தாழிகளில் ஊற்றி மூடிவைப்பார்கள். நுரைத்துப் பொங்கியதும் மது தயார். மெல்லும் வேலையைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அருவருப்பாக இருந்தது. அந்தப் படியை மட்டும் விட்டுவிட்டுச் ‘சுத்தமாக’ச் செய்யலாம் என்று எண்ணி, கிழங்கையும் மக்காச்சோளத்தையும் இடித்து வேகவைத்துப் பார்த்தார்கள். அப்படிச் செய்தது நன்றாக இல்லை என்று லேரியே எழுதுகிறார்.

ஓர் அருமையான அறிவியல் சோதனையைத் தம்மை அறியாமலேயே அவர் பதிவு செய்துவிட்டார். ஒரே ஒரு படியை நீக்கினார்கள், பானம் கெட்டது. அப்படியானால் சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு படியில்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்து வந்த முந்நூறு ஆண்டுகளில் கவுயிம் பற்றி எழுதிய ஐரோப்பியர் பலரும் எச்சிலைக் கண்டு முகம் சுளித்ததோடு நின்றுவிட்டார்கள். எச்சிலைத் தீட்டாகக் கருதிப் பழகிய நமக்கும் முதலில் அதே சுளிப்புதான் வரும். அதைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு அந்தப் பானைக்குள் எட்டிப் பார்த்தால், மனிதகுலத்தின் மிகப் பழைய உயிர்வேதியியல் நுட்பங்களில் ஒன்று அங்கே தெரியும். அதைக் கண்டுபிடித்து, செம்மைப்படுத்தி, தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இந்தக் கரையோரத்திலும் அமேசான் காட்டிலும் வாழ்ந்த பழங்குடிப் பெண்கள்.

ஒரு கிழங்கு, மூன்று சிக்கல்கள்

மரவள்ளி தென்னமெரிக்காவின் மண்ணில் பிறந்த பயிர். அமேசான் படுகையின் தெற்கு விளிம்பில் வளரும் ஒரு காட்டுச் செடியிலிருந்து அது உருவானது என்பதை கென்னத் ஓல்சன், பார்பரா ஷால் ஆகிய தாவரவியலாளர்கள் 1999-இல் மரபணு ஆய்வின் வழியாக நிறுவினார்கள். அங்கிருந்து அது வடக்கே வெகுதூரம் பரவியது. பனாமாவின் அகுவாதுல்சே பாறைக் குடிலில் கிடைத்த அரைகற்களில் 5000 முதல் 7000 ஆண்டுகள் பழமையான மரவள்ளி மாவுத்துகள்கள் ஒட்டியிருந்ததை டோலோரஸ் பிப்பெர்னோ குழுவினர் கண்டறிந்தார்கள். எல் சால்வடோரில் எரிமலைச் சாம்பலுக்கடியில் புதைந்துபோன செரென் என்ற மாயா கிராமத்தில், ஏறக்குறைய 1400 ஆண்டுகளுக்கு முன்பு வரப்பு கட்டி நட்ட மரவள்ளித் தோட்டமே 2007-இல் வெளிப்பட்டது.

இவ்வளவு பழைய பயிர் என்றாலும் மனிதருக்கு எளிதாக வசப்படும் பயிர் அல்ல. முதல் சிக்கல், கெட்டுப்போதல். மண்ணுக்குள் இருக்கும்வரை கிழங்கு மாதக்கணக்கில் தாங்கும். தோண்டி எடுத்தபின் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலங்கலந்த கறுப்புக் கோடுகள் ஓடிப் பாழாகிவிடும். தானியத்தைப் போலக் குதிரில் கொட்டிவைக்க முடியாது.

இரண்டாவது சிக்கல், நஞ்சு. மரவள்ளியின் உயிரணுக்களில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அதைச் சிதைக்கும் லினமாரேஸ் என்ற நொதி அதே உயிரணுவின் சுவர்ப்பகுதியில் தனியாக இருக்கிறது. பூச்சியோ எலியோ கடித்து உயிரணு உடையும்போது இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். செடிக்கு இது தற்காப்பு, தின்பவருக்கு ஆபத்து. நஞ்சு குறைவான வகைகளை இனிப்பு மரவள்ளி என்றும், மிகுந்த வகைகளைக் கசப்பு மரவள்ளி என்றும் பிரிப்பது வழக்கம்.

மூன்றாவது சிக்கல், மது செய்ய முனைபவருக்கு மட்டும் எழுவது. பீட்ரூட்டிலும் கேரட்டிலும் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் வட இந்தியாவில் கறுப்புக் கேரட்டைக் கடுகுத்தூளோடு தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தாலே ‘காஞ்சி’ புளித்துவிடுகிறது. துருக்கியின் அதனா வட்டாரத்துச் ‘சல்கம்’ பானமும் கறுப்புக் கேரட்டிலிருந்து அப்படித்தான் பிறக்கிறது. மரவள்ளியில் இருப்பதோ பெரும்பாலும் மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. சர்க்கரையை மதுவாக மாற்றும் ஈஸ்ட்டுக்கு அந்தச் சங்கிலியை அறுக்கும் திறன் இல்லை. வெந்த மரவள்ளிக் கூழில் எவ்வளவு ஈஸ்ட் விழுந்தாலும் அதற்குச் சாப்பிட ஏதுமில்லாமல் கிடக்கும். சங்கிலியை முதலில் யாராவது வெட்டித்தர வேண்டும். லேரியின் நண்பர்கள் தவறவிட்டது இந்த வெட்டுதலைத்தான்.

வாய்க்குள் இருக்கும் கத்தரி

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். உப்புக்கூடப் போடாத வெறுஞ்சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடம் நிதானமாக மென்றால் மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்ற நொதி சோற்றின் மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக வெட்டுவதுதான் காரணம். துப்பினம்பா பெண்கள் செய்ததும் இதுவே. வேகவைத்ததும் இதில் ஒரு முக்கியமான படி. பச்சைக் கிழங்கில் மாவுத்துகள்கள் இறுகிக் கிடக்கும். நொதி எளிதில் நுழையாது. வெந்ததும் துகள்கள் நீர் குடித்துப் பருத்து உடைந்து இளகும். இளகிய மாவில் அமிலேஸ் வேகமாக வேலை செய்யும்.

ஐரோப்பிய அறிவியல் இந்த உண்மையை எட்டியது 19-ஆம் நூற்றாண்டில். உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது என்று ஜெர்மானியரான எர்ஹார்ட் லாய்க்ஸ் 1831-இல் எழுதினார். 1833-இல் அன்செல்ம் பாயென், ழான் பிரான்சுவா பெர்சோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைவிட்ட பார்லியிலிருந்து இதே வேலையைச் செய்யும் பொருளைப் பிரித்தெடுத்து ‘டயஸ்டேஸ்’ என்று பெயரிட்டார்கள். மனிதர் முதன்முதலாகப் பிரித்தெடுத்த நொதி அதுதான் என்று பாடநூல்கள் சொல்கின்றன. துப்பினம்பாக்களிடம் கைதியாக இருந்து தப்பிய ஹான்ஸ் ஸ்டாடன் என்ற ஜெர்மானியர், இளம்பெண்கள் கிழங்கை மென்று மது செய்வதைத் தம் நூலில் எழுதியது 1557-இல். எழுத்துச் சான்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், இந்தப் பெண்கள் அமிலேஸைக் கொண்டு செய்த வேலை லாய்க்ஸுக்கு ஏறக்குறைய 270 ஆண்டுகள் முந்தையது. அந்த வழக்கமோ எழுத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே வேரூன்றியிருந்தது.

மெல்லுவதை அமேசான் மக்கள் மட்டும் கண்டறியவில்லை. ஆண்டீஸ் மலைகளில் மக்காச்சோளத்தையும், பழைய ஜப்பானில் அரிசியையும், தைவான் பழங்குடிகள் தினையையும் மென்று மது செய்திருக்கிறார்கள். கடல் பிரித்த மக்கள் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மாவுச்சத்தை நம்பி வாழும் எவருக்கும் மிக அருகில் இருக்கும் நொதி வாய்க்குள்தான் இருக்கிறது.

நம் வாயில் அந்த நொதி இவ்வளவு ஊறுவதற்கும் ஒரு நெடிய வரலாறு உண்டு. உமிழ்நீர் அமிலேஸை உருவாக்கும் மரபணு மனிதருக்கு மனிதர் வெவ்வேறு எண்ணிக்கையில் நகல்களாக அமைந்திருக்கிறது. மாவுணவை நெடுங்காலம் நம்பிய சமூகங்களில் சராசரியாக நகல்கள் அதிகம் என்று ஜார்ஜ் பெர்ரியும் நதானியல் டோமினியும் தம் குழுவினரோடு 2007-இல் காட்டினார்கள். அந்த மரபணு முதன்முதலில் இரட்டித்தது 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பாகவே இருக்கலாம் என்கிறது 2024-இல் வெளியான ஓர் ஆய்வு. வேளாண்மைக்கும் பானைக்கும் வெகுகாலம் முன்பே மனித உடல் மாவுச்சத்தோடு உறவு வைத்துக்கொண்டது. அந்த உறவை உடலுக்கு வெளியே எடுத்துவந்து பானையில் இயங்கவைத்ததுதான் மெல்லும் முறையின் சாதனை.

பானைக்குள் வாழும் கூட்டம்

பெருவின் அமேசான் பகுதியில் அஷானிங்கா, ஷிபிபோ, மட்சிகெங்கா, அவாஹுன் மக்கள் இன்றும் இந்தப் பானத்தைச் செய்கிறார்கள். அங்கே பொதுவாக அதற்கு ‘மசாத்தோ’ என்று பெயர். ஈக்வடாரில் கிச்வா மக்களும் ஷுவார், அச்சுவார் மக்களும் செய்கிறார்கள். இனிப்பு மரவள்ளியைத் தோலுரித்து வேகவைத்து மரத்துடுப்பால் மசிப்பார்கள். மசித்ததில் ஒரு பகுதியை மட்டும் மென்று மிச்சத்தோடு கலப்பார்கள். நொதி தான் செலவழியாமல் மீண்டும் மீண்டும் வேலை செய்யும் பொருள் என்பதால் முழுவதையும் மெல்லத் தேவையில்லை. கலந்ததை மூடிவைத்தால் ஓரிரு நாளில் புளிக்கத் தொடங்கும். வேண்டும்போது ஒரு கை பிசைந்தெடுத்துத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் குடிப்பார்கள். ஓரிரு நாள் புளித்தது புளிப்பும் இனிப்புமாக இருக்கும். நாள் ஏற ஏற மது ஏறும்.

லேரி கவுயிமைப் பற்றி எழுதும்போது, அது வண்டல்போலக் கலங்கித் தடித்திருக்கும், ஏறக்குறைய புளித்த பாலின் சுவை இருக்கும் என்று குறிப்பிடுகிறார். நாக்கு சொன்ன இந்தச் சாட்சியம் இன்றைய நுண்ணுயிரியலோடு அப்படியே பொருந்துகிறது. பாலைப் புளிக்கவைப்பதும் மரவள்ளிக் கூழைப் புளிக்கவைப்பதும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான். பிரேசிலின் தபிராப்பே மக்கள் செய்யும் கவுயிமை லாவ்ராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசானே ஷ்வான் குழுவினர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். அங்கே அது மதுவே இல்லை. குழந்தைகளும் பெரியவர்களும் அன்றாடம் குடிக்கும் புளிப்புக் கஞ்சி. பானையில் ஆதிக்கம் செலுத்தியது லாக்டோபேசில்லஸ் இனம்.

மரவள்ளி மதுவைப் போதைக்கான பானமாக மட்டும் பார்த்தவர்கள் தவறவிட்டது இதைத்தான். லாக்டிக் அமிலம் பெருகும்போது பானையின் பி.எச். அளவு 4-ஐ ஒட்டி இறங்குகிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பல கிருமிகளால் அந்தப் புளிப்பில் பெருக முடியாது. குழாயும் வடிகட்டியும் இல்லாத வெப்பமண்டலக் காட்டில் இது பாதுகாப்பான பானமாகவும், பசியாற்றும் உணவாகவும், நாலு நாளைக்கு மேல் தாங்கும் சேமிப்பாகவும் ஒருங்கே பயன்பட்டது. வேட்டைக்கும் நெடும்பயணத்துக்கும் போகிறவர்கள் புளித்த மாவை இலையில் பொதிந்து எடுத்துச் செல்வார்கள். போகும் வழியில் தண்ணீரில் கரைத்தால் அன்றைய சாப்பாடு ஆயிற்று. தோண்டிய மூன்றாம் நாள் அழுகும் கிழங்கின் முதல் சிக்கல் இவ்வாறு தீர்ந்தது.

இந்த நுண்ணுயிர்கள் எங்கிருந்து வருகின்றன? கீட்டோவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஈக்வடாரின் பழங்குடி மதுவகைகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், மனித வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் அவற்றில் கணிசமாக இருப்பதைக் காட்டினார்கள். ஷுவார் மக்களின் மதுவை ஆராய்ந்த அலெஸ் கோல்ஹவர் குழுவினர் 2014-இல் இன்னொன்றைச் சொன்னார்கள்: அதில் உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அந்தந்த வட்டாரத்தில் நெடுங்காலம் வளர்க்கப்பட்டுத் தனித்தன்மை பெற்றவை. காட்டுச் செடியைப் பழக்கிப் பயிராக்கிய அதே பெண்கள், கண்ணுக்குத் தெரியாத உயிர்களையும் பழக்கி வளர்த்திருக்கிறார்கள். பழைய பானையின் அடியில் ஒட்டிய மிச்சம் புதுக் கூழுக்கு விதையாகிறது. தாயின் பானையிலிருந்து மகளின் பானைக்கு அந்தக் கூட்டம் குடியேறுகிறது.

நஞ்சை நீக்கிய வரிசை

அமேசானின் மேற்கில் இனிப்பு மரவள்ளி பெருவழக்கு. வடக்கே ரியோ நெக்ரோ ஆற்றோரத்திலும் கயானா நாடுகளிலும் கசப்பு மரவள்ளிதான் முதன்மை. நஞ்சுள்ள கிழங்கை ஏன் விரும்பி நட வேண்டும்? கொலம்பியாவின் வௌப்பேஸ் பகுதியில் துக்கானோ மக்களிடையே பணியாற்றிய வாரன் வில்சன், டார்னா டஃபூர் என்ற மானிடவியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே கசப்பு வகைகள் இனிப்பு வகைகளைவிடக் கூடுதல் மகசூல் தருவதைக் காட்டினார்கள். நஞ்சே அந்தச் செடிக்குக் காவல்.

நஞ்சை நீக்க அந்தப் பகுதி மக்கள் கடைப்பிடிக்கும் வரிசையைக் கவனித்தால் வியப்பு மிஞ்சும். கசப்புக் கிழங்கை முழுதாகக் கொதிநீரில் போட்டால், லினமாரினைச் சிதைக்கும் நொதி முதலில் செத்துவிடும். நஞ்சுக்கு மூலமான லினமாரின் கிழங்கிலேயே தங்கிவிடும். அதனால் அவர்கள் முதலில் துருவுகிறார்கள். துருவும்போது உயிரணுக்கள் உடைந்து நொதியும் லினமாரினும் கலக்கின்றன, நஞ்சு வெளிப்படுகிறது. பிறகு ‘திப்பிட்டி’ என்ற நீண்ட பின்னல் குழாயில் துருவலை அடைத்துத் தொங்கவிட்டு இழுத்துப் பிழிகிறார்கள். சாற்றோடு நஞ்சின் பெரும்பகுதி வெளியேறுகிறது. எஞ்சிய மாவைச் சூடான கல்லில் அடையாக வார்க்கும்போது மிச்சமும் பறந்துவிடுகிறது. ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகும் பொருள். பிழிந்த சாற்றையும் வீணாக்குவதில்லை. நெடுநேரம் கொதிக்கவைத்து ‘துக்குப்பி’ என்ற குழம்பாக்கி விடுகிறார்கள். முதலில் நஞ்சை வலிந்து வெளிக்கொணர்ந்து, பிறகு அதை விரட்டும் இந்த முறையில் ஒரு படி இடம் மாறினாலும் உயிருக்கு ஆபத்து.

மெல்லாமல் இனிக்கவைத்த வழிகள்

மாவை வெட்ட, மெல்லுவதைத் தவிர வேறு வழிகளையும் அமேசான் பெண்கள் கண்டுபிடித்தார்கள்.

ஒன்று, சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அந்தக் கிழங்கிற்குள்ளேயே பீட்டா அமிலேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது. சுட்ட சர்க்கரைவள்ளி பச்சைக் கிழங்கைவிட அதிகமாக இனிப்பதற்கு அதுவே காரணம். வெந்த மரவள்ளிக் கூழில் பச்சைச் சர்க்கரைவள்ளியைத் துருவிச் சேர்த்தால் அதன் நொதி மரவள்ளியின் மாவையும் வெட்டத் தொடங்கிவிடும். கயானா பகுதியின் ‘கசிரி’, பிரேசிலின் ஜுருனா மக்களின் ‘கஷிரி’ ஆகிய பானங்களில் மரவள்ளியோடு சர்க்கரைவள்ளியும் சேர்கிறது. ஈக்வடாரிலும் பெருவிலும் பல ஊர்களில் மெல்லுவதைக் கைவிட்டவர்கள் நாடுவது இதைத்தான்.

பானம் செய்யும் அறிவு கரிபியன் தீவுகளின் பழங்குடிகளிடமும் இருந்தது. அங்கே குடியேறிய ஐரோப்பியரும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரும் அதை அவர்களிடம் கற்றார்கள். 1647-இல் பார்படோஸ் தீவுக்குப் போன ரிச்சர்டு லிகன் என்ற ஆங்கிலேயர் 1657-இல் வெளியிட்ட நூலில் இரண்டு பானங்களை விவரிக்கிறார். ‘பெரினோ’ மரவள்ளியை மென்று செய்வது. ‘மோபி’ சர்க்கரைவள்ளியிலிருந்து செய்வது; சிவப்புக் கிழங்கில் செய்தால் திராட்சை மதுவைப் போலச் சிவந்தும், வெள்ளைக் கிழங்கில் செய்தால் வெளுத்தும் இருக்கும் என்கிறார். கரும்புத் தோட்டங்கள் தீவை விழுங்கி ரம் மலிந்தபின் இந்தக் கிழங்கு மதுக்கள் அங்கே மெல்ல மறைந்துபோயின.

இன்னொரு வழி இன்னும் வியப்பானது. கயானா நாட்டின் தெற்கே வாழும் வாப்பிஷானா மக்கள் ‘பரகாரி’ என்ற மதுவைச் செய்கிறார்கள். மரவள்ளி அடையை நன்றாகச் சுட்டு, நனைத்து, இலைகளின் மேல் பரப்பி மூடிவைப்பார்கள். சில நாளில் அடை முழுவதும் வெண்பூசணம் படரும். அது ரைசோபஸ் என்ற பூஞ்சை. தான் வளர்வதற்காக அது சுரக்கும் நொதிகள் மாவைக் குளுக்கோஸாக உடைத்து அடையை இனிக்கச் செய்கின்றன. அதன்பின் ஈஸ்ட் அதை மதுவாக்குகிறது. பூஞ்சையை விதையாகக் காத்து அடுத்தடுத்த தடவைக்குப் பயன்படுத்தும் முறையும் அவர்களிடம் இருக்கிறது. டெர்ரி ஹென்கெல் என்ற பூஞ்சையியலாளர் இதை ஆராய்ந்து 2004, 2005 ஆண்டுகளில் எழுதினார். பூஞ்சையை வளர்த்து மாவை இனிப்பாக்கும் நுட்பம் சீனா, ஜப்பான், கொரியா, இமயமலைச் சாரல் ஆகிய ஆசியப் பகுதிகளின் தனிச்சொத்து என்று அதுவரை பலரும் கருதியிருந்தார்கள். பழங்குடி அமெரிக்காவில் தனியாகவே அது மலர்ந்திருப்பதைப் பரகாரி காட்டியது. பிரேசிலில் சத்தேரே-மாவே மக்களின் ‘தருபா’ என்ற பானமும் மரவள்ளி அடையை இலைகளுக்கிடையே பல நாள் புளிக்கவைத்துச் செய்யப்படுவதே.

ஜப்பானின் கோஜிப் பூஞ்சையிலிருந்து மாவை வெட்டும் நொதியை எடுத்து ஜோக்கிச்சி தக்கமினே 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். நவீன நொதித் தொழிலின் தொடக்கங்களில் ஒன்றாக அது கொண்டாடப்படுகிறது. வாப்பிஷானா பெண்களின் கைவேலையும் அதே வேதிவினைதான். காப்புரிமை என்ற கருத்தே இல்லாத சமூகத்தில் பிறந்ததால் அதற்கு யார் பெயரும் ஒட்டவில்லை.

பெண்ணின் கை, பெண்ணின் வாய்

இந்த வரலாறு நெடுகிலும் உழைப்பு பெண்களுடையது. ஆண்கள் மென்றால் மது நன்றாக வராது என்று துப்பினம்பாக்கள் நம்பினார்கள் என்கிறார் லேரி. ஈக்வடாரின் அச்சுவார் மக்களிடையே 1970-களின் பிற்பகுதியில் வாழ்ந்து ஆராய்ந்த பிலிப் தெஸ்கோலாவின் எழுத்துகளிலும் இதே காட்சிதான். தோட்டம் பெண்ணுடையது; மரவள்ளியை நடுவதும், பேணுவதும், மது செய்வதும், விருந்தினருக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பதும் அவளே. தோட்டத்துக்குத் தாயாகிய நுன்குய் என்ற தெய்வமே பயிர்களையும் பானை செய்யும் களிமண்ணையும் பெண்களுக்குத் தந்தாள் என்பது ஷுவார், அச்சுவார், அவாஹுன் மக்களின் நம்பிக்கை. கிச்வா பெண்கள் மது பரிமாற ‘முக்காவா’ என்ற மெல்லிய மண்கிண்ணம் செய்து, பெண்களின் கூந்தலிழையால் கட்டிய தூரிகை கொண்டு அதில் கோலம் எழுதுகிறார்கள். அவாஹுன் பெண்களின் மட்பாண்டக் கலையை யுனெஸ்கோ 2021-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வயலைத் திருத்தவும் வீடு கட்டவும் ஊரே கூடும் ‘மிங்கா’ என்ற கூட்டுழைப்பில் கூலி கிடையாது. அழைத்த வீட்டின் பெண் ஊற்றும் மரவள்ளி மதுதான் மரியாதை. அதனால் இந்தப் பானத்தைத் தாக்கியவர்கள் ஒரு சமூகத்தின் அச்சாணியையே தாக்கினார்கள். 1549 முதல் பிரேசிலில் பணியாற்றிய இயேசு சபைப் பாதிரியார்களின் கடிதங்களில் கவுயிம் விருந்துகள் மீதான கண்டனம் திரும்பத் திரும்ப வருகிறது. போரும் பகையும் அந்த விருந்துகளில் தீர்மானிக்கப்பட்டன என்பதால் அவற்றை நிறுத்துவது மதமாற்றத்தின் முதல் வேலைகளில் ஒன்றாயிற்று. கடற்கரைத் துப்பினம்பாக்கள் போரிலும் கொள்ளைநோயிலும் அடிமை வேட்டையிலும் அழிந்தபோது, அந்தக் கரையின் கவுயிம் மரபும் அவர்களோடு அழிந்தது.

கிழங்கு பயணம் செய்தது, அறிவு பின்தங்கியது

போர்ச்சுகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் மரவள்ளியை ஆப்பிரிக்காவுக்கும், பின்னர் கேரளக் கரைக்கும் கொண்டுவந்தார்கள். 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது அந்தச் சமஸ்தானத்து ஏழைகளின் பசியைத் தணித்தது அதுவே. அதே போரின்போது வெளிநாட்டு வரத்து நின்றதால் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தழைத்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று மரவள்ளி மாவிலிருந்து குளுக்கோஸ் பாகு காய்ச்சும் ஆலைகள் பாக்டீரியாவிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் எடுத்த அமிலேஸ் வகை நொதிகளை நம்பியே ஓடுகின்றன.

பயிர் கண்டம் தாண்டியது. அதைக் கையாளும் முழு அறிவும் அதோடு கப்பலேறவில்லை. ஆப்பிரிக்க மக்கள் ஊறவைத்தும் துருவியும் புளிக்கவைத்தும் தங்களுக்கென நல்ல முறைகளை உருவாக்கிக்கொண்டார்கள். ஆனால் பஞ்சத்தில் பசி நெருக்கும்போது ஊறவைக்கும் நாட்களைக் குறைத்துவிட நேர்கிறது. அப்போது நஞ்சு முழுதாக நீங்குவதில்லை. புரதமும் போதாத உடலில் அது கோன்சோ என்ற நோயாக விழுகிறது. ஒரே நாளில் கால்கள் விறைத்துப்போய், வாழ்நாள் முழுதும் நடை கெட்டுவிடும். காங்கோவில் இது 1938-இல் முதன்முதலாக மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. 1981-இல் மொசாம்பிக்கின் வறட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மரவள்ளியைப் பொறுத்தவரை செய்முறை என்பது சுவைக்கான சேர்க்கை அல்ல. பயிரின் பிரிக்கமுடியாத பாதி.

அந்தப் பாதி இன்று மெலிந்துவருகிறது. காட்டு ஊர்களின் கடைகளில் சீனி எளிதாகக் கிடைக்கிறது. கூழில் சீனியைக் கொட்டினால் மெல்லவும் வேண்டாம், பூஞ்சை வளர்க்கவும் வேண்டாம். புட்டி பீரும் வந்துவிட்டது. மெல்லுவதை வெளியாட்கள் கேலி செய்ததால் வெட்கப்பட்டுக் கைவிட்ட இளம்பெண்களும் உண்டு. வாழ்க்கையை எளிதாக்கிக்கொள்ள அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மென்றுதான் தீரவேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்ல முடியாது. வெட்கத்தால் கைவிடும் நிலை மட்டும் வந்திருக்கக் கூடாது. அந்த வெட்கத்தை ஊட்டியவர்கள் அறியாமையில் ஊட்டினார்கள்.

கொலம்பியாவில் உள்ள பன்னாட்டுப் பயிர் வங்கி ஏறக்குறைய 6000 மரவள்ளி வகைகளைக் கண்ணாடிக் குழாய்களில் காத்துவருகிறது. போற்றத்தக்க பணி. ஆனால் எந்த வகையை எத்தனை நாழிகை வேகவைப்பது, எவ்வளவு மெல்வது, எந்த இலையால் மூடுவது, எந்தப் பானையின் அடிமிச்சத்தைக் கலப்பது என்பவற்றைக் குழாயில் அடைக்க முடியாது. அவை அந்தந்த மொழியில், அந்தந்தப் பெண்களின் பெயரோடு பதிவாக வேண்டும். பானையில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு தொழில் லாபம் வருமானால் அந்த ஊர்களுக்கும் அதில் பங்கு சேர வேண்டும். நொதிகளின் வரலாற்றை 1833-இல் பாரிசிலிருந்து தொடங்கும் பாடநூல்கள் இனி அமேசானிலிருந்து தொடங்கட்டும். மாவு, நஞ்சு, அழுகல் என்ற மூன்று சிக்கலுக்கும் விடை கண்டவர்களுக்கு அறிவியல் உலகம் பட்டிருக்கும் கடன் அது.